பூஜ்ஜியம் என்று நான் எழுதிய முதுகு

எங்கள் கம்பெனியின் முகக் கிரீம் வருகிற அட்டைப்பெட்டியின் பின்பக்கம், கீழ்மூலையில், ஒரு சின்ன முயல் துள்ளிக்கொண்டிருக்கும். விலங்குகள் மேல் சோதித்துப் பார்க்காத பொருள் என்பதற்கு அது அடையாளம். அங்கே பேக்கிங்கில் வேலை பார்க்கிற அம்மா, ஒதுக்கிய பெட்டி ஒன்றை ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். அந்த முயலைப் பார்த்துத்தான் நான் அங்கே விண்ணப்பம் போட்டேன். நேர்முகத்தில், ஏன் இந்த வேலை வேண்டும் என்று கேட்டார்கள். முயல் படத்தைச் சொன்னேன். தரப்பிரிவுத் தலைவர் சிரித்து, நல்ல பதில் என்றார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான், கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறிப் போய் வேதியியலில் பட்டம் வாங்கிய ஆள் நான். அன்றைக்கு வெள்ளைக் கோட்டை வாங்கிக்கொண்டு கேட்டைத் தாண்டியபோது இருந்த பெருமையை இப்போது நினைத்தால் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

முயல் விஷயத்தை நான் புத்தகத்தில் மட்டும் படித்தவள் இல்லை. படிப்பின் கடைசி வருடம் கர்நாடக எல்லை தாண்டி ஆனேக்கல் பக்கத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் மூன்று மாதம் பயிற்சிக்குப் போனேன். அழகுசாதனங்களை விலங்குகள் மேல் சோதிப்பது நம் நாட்டில் சட்டப்படி கூடாது. அங்கே செய்ததும் அது இல்லை. தரை கழுவும் திரவத்தில் சேர்க்கிற ஏதோ ஒரு சாமான் என்று படிவத்தில் இருந்தது. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. முயலுக்கும் தெரிந்திருக்காது. உடம்பு பெட்டிக்குள்ளும் தலை வெளியிலுமாக வரிசையாக இருக்கும். ஒரு கண்ணின் கீழிமையை இழுத்துச் சொட்டு விடுவோம். இன்னொரு கண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக விட்டுவிடுவோம். பிறகு மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் டார்ச் அடித்துப் பார்த்து எண் போட வேண்டும். முயல் கத்தாது. கத்தியிருந்தால் நான் ஓடிவந்திருப்பேனோ என்று பல தடவை யோசித்திருக்கிறேன். கத்தவில்லை, நானும் ஓடவில்லை. மூன்று மாதமும் எண் போட்டுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

அந்த நாட்களில் வீட்டில் சோறு இறங்காது. அம்மா கேட்டாள், சொன்னேன். சோதனை முடிந்ததும் அதை என்ன செய்வார்கள் என்று கேட்டாள். கொன்றுவிடுவார்கள் என்றேன். அம்மா சோற்றுத் தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"நாங்களும் ஜவளகிரிக் காட்டோரம் மொசலு புடிச்சுத் தின்னவங்கதான் பாப்பா. கண்ணுல மருந்து விட்டுட்டு எட்டு நாளு பக்கத்துல உக்காந்து பாத்துக்கினு இருந்ததில்ல."

அப்பா இறந்த பிறகு ஜவளகிரியிலிருந்து என்னைத் தூக்கிக்கொண்டு மத்திகிரிக்கு வந்து, வரிசை வீடு ஒன்றில் வாடகைக்கு உட்கார்ந்து, ஓசூரில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போக ஆரம்பித்தவள் அவள். கம்பெனிகள் மாறி, கடைசியாக இந்தக் கிரீம் கம்பெனியின் பேக்கிங்கில் பல வருடமாக நிற்கிறாள். நிற்கிறாள் என்பதைச் சும்மா சொல்லவில்லை. பெல்ட்டில் டப்பா வந்துகொண்டே இருக்கும். எடுத்து, பெட்டியில் போட்டு, மூட வேண்டும். எட்டு மணி நேரமும் நின்றபடியே. அவள் முழங்காலுக்குக் கீழே நரம்புகள் நீலமாகப் புடைத்துச் சுருண்டிருக்கும். சாயங்காலம் சுவரில் காலைத் தூக்கிவைத்துத்தான் படுப்பாள்.

நான் வேலையில் சேர்ந்த அன்று காலை, கேட்டுக்கு வெளியே என்னை நிறுத்திச் சொன்னாள். உள்ளே அவளைத் தெரிந்தமாதிரி காட்டிக்கொள்ளக் கூடாதாம். நான் ஆபீசாம், அவள் கான்ட்ராக்டாம், எனக்கு மரியாதை குறையுமாம். நான் மறுக்கவில்லை. ஒரு பேச்சுக்காவது மறுத்திருக்கலாம். அவளுக்கு நீலக் கோட்டு, எனக்கு வெள்ளைக் கோட்டு. சாப்பாட்டு நேரமும் வேறு. மாடியில் ஜன்னல் வழியாகக் கீழே பேக்கிங்கைப் பார்த்தால் எல்லாத் தலையிலும் ஒரே தொப்பி, எது அம்மா என்று தேட வேண்டியிருக்கும்.

மாடியில் எனக்குக் கொடுத்த வேலை, புதுக் கிரீமின் தோல் சோதனை அறிக்கைகள். முயல் மேல் போடக் கூடாது, சரி. ஆனால் ஆள் மேல் போட்டுப் பார்க்கத்தான் வேண்டும். இருபத்துநாலு பேர் முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே, சின்னச் சின்னச் சதுரமாகக் கிரீமை வைத்து டேப் ஒட்டுவார்கள். ஒருநாள் முழுக்க அது அப்படியே இருக்க வேண்டும். அடுத்த நாள் பிரித்து, எவ்வளவு சிவந்திருக்கிறது என்று பூஜ்ஜியத்திலிருந்து நாலு வரை எண் போடுவார்கள். மூன்றாம் நாள் மறுபடி. கீழே இந்தச் சோதனை நடக்கிற பேட்ச் ரூமிலிருந்து தாள்கள் மேலே வரும். பெயர் இருக்காது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆட்களுக்கு எண் மட்டும். மேலே 'தன்னார்வலர்' என்று அச்சடித்திருக்கும். நான் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கூட்டி வகுத்து அறிக்கை எழுதுவேன். பூஜ்ஜியம், பூஜ்ஜியம், அங்கங்கே ஓர் அரை. சுத்தமான டேட்டா என்று தரப்பிரிவுத் தலைவர், எங்கள் சார், இரண்டு தடவை பாராட்டினார். தன்னார்வலர் என்றால் யார், எந்த ஊர், எந்தத் தெரு என்று நான் கேட்டதில்லை. பேட்ச் ரூமுக்குள் ஒருநாள்கூட எட்டிப் பார்த்ததில்லை. ஆனேக்கலில் மூன்று மாதம் கண்ணைப் பார்த்தவளுக்கு, இனி எதையும் நேரில் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்க்கிற வேலை நிம்மதியாக இருந்தது. அதுதான் உண்மை.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடைக்குப் போனவள் பை எடுக்க மறந்து பாதியில் திரும்பினேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா, நோன்பு மாதமெல்லாம் எங்களுக்குக் கஞ்சி கொடுத்தனுப்புகிறவர், அவரும் அதே பேக்கிங்தான், அம்மாவின் முதுகில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இருவரும் அவசரமாகச் சேலையை இழுத்தார்கள். அதற்குள் நான் பார்த்துவிட்டேன். ஐந்து சதுரங்கள். மூன்று பழையவை, தோல் கருகியதுபோல் அடங்கியிருந்தன. இரண்டு புதியவை. வீங்கி, நீர் கோத்து, ஒன்று உடைந்து கசிந்துகொண்டிருந்தது. ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் நான்கு மூலையும் சரியாக இருந்தன.

"வந்துட்டாங்கடா ஆபீசரு," என்றார் அக்கா.

கத்தினேன். எவ்வளவு நாளாக என்று கேட்டேன். அக்காதான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். பேட்ச் ரூமுக்குப் பேர் கொடுத்தால் மூன்று நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் உள்ளே உட்காரலாம். ஏ.சி. உண்டு. குஷன் வைத்த நாற்காலி. ஒரு டீ. அதற்காகப் பேக்கிங்கில் பெண்கள் முந்துவார்களாம், சண்டைகூட நடந்திருக்கிறதாம். ஒருமுறை போட்டவருக்குக் கொஞ்ச காலம் இடைவெளி விட வேண்டும் என்று விதி. அதை யாரும் பார்ப்பதில்லை. எரிகிறது, அரிக்கிறது என்று வாயைத் திறந்தவளை மட்டும் அடுத்த தடவை கூப்பிட மாட்டார்கள். அதனால் யாரும் வாயைத் திறப்பதில்லை. தன் முதுகு தனக்கு எட்டாது என்பதால் சாயங்காலம் மத்திகிரி வந்து இறங்கியதும் ஒருத்திக்கு இன்னொருத்தி டேப்பைப் பிரித்துவிடுவாளாம். கழுவி, மோர் தடவி, பிறகு எண்ணெய். காலையில் கம்பெனி பஸ் வருவதற்கு முன்னால் அதே டேப்பை அதே இடத்தில் வைத்து, மேலே மெடிக்கல் ஷாப் பிளாஸ்திரி போட்டு அழுத்திவிடுவார்களாம். இதை அவர் ஒரு நல்ல கைவேலையைச் சொல்வதுபோல் சொன்னார்.

என் பூஜ்ஜியங்கள் எல்லாம் அங்கிருந்துதான் வந்திருக்கின்றன.

"இந்த வாட்டி என்னமோ புது மருந்து. ராத்திரியே பிரிச்சிட்டம், அப்பவும் ரெண்டு நாளு கழிச்சுப் பொங்கிட்டுது," என்றார் அக்கா. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மொசலுக்காச்சும் டப்பா மேல படம் போடறாங்க. நமக்கு பாஸ்போர்ட் சைஸ் போட்டோகூட ஒட்டல," என்றார். அவரே சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். எனக்கு இருவரையும் அறையலாம்போல் இருந்தது.

அம்மாவுக்கு என்ன எண் என்று கேட்டேன். பதினேழு. பதினேழுக்கு வெள்ளிக்கிழமை நான் ஏற்றியது எனக்கு ஞாபகம் இருந்தது.

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"உக்காரதுக்கோசரம் பாப்பா," என்றாள் அம்மா. "வேற எதுக்கு?"

மத்திகிரியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். வழி முழுக்க அம்மாவுக்கு ஒரே பேச்சுத்தான். நான் எதையும் சொல்லக் கூடாது. சொன்னால் ரூமை மூடிவிடுவார்கள். மூடிவிட்டால் எல்லா நாளும் எட்டு மணி நேரமும் நிற்க வேண்டும். முதுகு ஆறிவிடும், கால் ஆறாது. அவள் கணக்கு அது. நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை அந்த அறிக்கை என் மேஜையில் அச்சாகி இருந்தது. 'தயாரித்தவர்' என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். புதன்கிழமை தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும். முகத்துக்கு வெளிச்சம் தருகிற கிரீம். பெட்டியில் வெள்ளை என்ற சொல்லைப் போட மாட்டார்கள், வெள்ளை முகத்தைப் படமாகப் போட்டுவிடுவார்கள். என் அம்மாவின் நிறத்தை ஒரு குறையாக விற்கிற சரக்கு. அது பத்திரமானதா என்று பார்க்க அவளுடைய முதுகே வேண்டியிருக்கிறது.

எண் போடுகிற அட்டவணையை அன்றைக்குத்தான் ஒழுங்காகப் படித்தேன். ஆனேக்கலில் முயல்களுக்குப் போட்ட அதே வகை எண்கள். இந்த அளவுகோலே முயல் தோலை வைத்து உண்டாக்கியது என்று கல்லூரியில் படித்திருக்கிறேன். ரோமம் மழித்த வெள்ளை முயலின் தோலில் சிவப்பு பளிச்சென்று தெரியும். எங்கள் தோலில் சிவப்பு சிவப்பாக வராது, கறுப்பு இன்னும் கறுப்பாகும். யாரும் டேப்பைப் பிரிக்காமல் ஒழுங்காக ஒருநாள் வைத்திருந்தாலும் பாதி புண்ணைப் பூஜ்ஜியம் என்றுதான் எழுதியிருப்பார்கள். முயலை விட்டுவிட்டார்களாம். அதன் தோலை அப்படியே எங்கள் மேல் போர்த்தியிருக்கிறார்கள்.

கையெழுத்துப் போடவில்லை. தவறு நடந்தால் நிரப்புகிற படிவம் ஒன்று உண்டு, வரிசை எண் அச்சடித்தது, கிழிக்கவோ மாற்றவோ முடியாது. அதில் எழுதினேன். பதினேழாம் எண்ணின் முதுகில் ஞாயிற்றுக்கிழமை கண்டது என்ன என்று எழுதினேன். பேட்ச்சுகளை இரவில் எடுத்துவிடுகிறார்கள், அதனால் இருபத்துநாலு பேரின் எண்களையும் நம்ப முடியாது என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில், பேக்கிங்கில் உட்கார இடம் இல்லை, உட்காருவதற்காகவே பெண்கள் வலியை மறைத்துச் சோதனைக்கு வருகிறார்கள் என்று எழுதினேன். ஒப்புதல் படிவம் முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டவர்களால் அதைப் படிக்க முடியாது என்பதையும் சேர்த்தேன். யோசித்து யோசித்து எழுதவில்லை. ஒரே மூச்சில் எழுதினேன்.

சார் கதவைச் சாத்திவிட்டு இரண்டு தடவை படித்தார். பதினேழாம் நபர் யார் என்று எனக்கு எப்படித் தெரியும், அது ரகசியமாயிற்றே என்றார்.

"எங்கம்மா சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதலில் அம்மாவின் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. அதற்கப்புறம் வழி சொன்னார். பதினேழாம் நபர் பாதியில் விலகிவிட்டார் என்று காட்டிவிடலாம். வேறு ஓர் ஆளைச் சேர்த்துவிடலாம். நாற்காலி பற்றிய வரி மட்டும் வேண்டாம், அது மனிதவளப் பிரிவின் விஷயம், சோதனைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம். அதுதான் சார் சம்பந்தமே என்றேன்.

"அப்ப என்னதான்மா பண்ணலாங்கற? முயல் மேல போடலாமா? அது பாவம்னு இன்டர்வியூல நீதான சொன்ன."

இந்தக் கேள்வியை அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே நான் மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கிரீம் வந்தே ஆக வேண்டும் என்பதைத் தொடக்கூடாத சாமிபோல் ஓரமாக வைத்துவிட்டு, முயலா பொம்பளையா, ஒன்றைத் தேர்ந்தெடு என்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த தோலில் சோதிக்கிற முறைகள் இருக்கின்றன, அவருக்கும் தெரியும். காலம் எடுக்கும். ஏற்கெனவே பல வருடமாகப் புழக்கத்தில் இருக்கிற சாமான்களை வைத்தே கிரீம் செய்யலாம், புதிது என்று விளம்பரம் போட முடியாது. அந்த இரண்டையும் சொன்னேன். ஆள் மேல் கடைசியாகப் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், தெரிந்த மொழியில் கேட்டு, வேண்டாம் என்றாலும் வேலையில் ஒன்றும் குறையாது என்கிற ஆளைக் கேட்க வேண்டும் என்றேன். கால் வீங்கியவளுக்கு நாற்காலியைக் காட்டிக் கேட்பதற்குப் பெயர் கேட்பது இல்லை என்றேன். என் குரல் வெளியே கேட்டிருக்கும். அந்த வரியை அடிக்க முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனேக்கல் முயல்களின் கண்ணுக்காக இன்றும் எனக்கு வெட்கம் உண்டு. அம்மாவின் முதுகுக்காகக் கோபப்பட்டதால் அந்த வெட்கம் கழிந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை.

அறிக்கை போகவில்லை. அந்தச் சோதனையை ரத்து செய்தார்கள். இனி இந்த வேலையைப் பெங்களூரில் வெளியார் ஆய்வுக்கூடம் ஒன்றிடம் கொடுப்பதாக மெயில் வந்தது. அங்கே யார் முதுகோ, எனக்குத் தெரியாது. பேட்ச் ரூமைக் காலி செய்து அட்டைப்பெட்டிகளை அடுக்கினார்கள். குஷன் நாற்காலிகள் மாடியில் மீட்டிங் ஹாலுக்கு வந்தன. பேக்கிங்குக்கு ஒன்றுகூடப் போகவில்லை. நின்று வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருக்கிறது. சூப்பர்வைசரிடம் சொன்னதற்கு, பாதி கன்னடத்தில், மேலே பேசுங்கள் மேடம் என்றார். மேலே பேசினால், அவர்கள் கான்ட்ராக்டர் ஆட்கள், அவரிடம் பேசுங்கள் என்றார்கள்.

பதினேழு யார் என்பது கீழே வரை போய்விட்டது. இனி மறைக்க ஒன்றும் இல்லை என்று அம்மாவோடு கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. பின்சீட்டிலிருந்து ஒரு குரல் மட்டும் யாருக்கோ சொல்வதுபோல் சொன்னது: "படிச்ச புள்ள வந்துச்சு, இருந்த ஒரு சேரையும் தூக்கிக்கினு போயிட்டுது." அக்காகூட ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா நாலு நாள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், தண்ணீர் எடுத்துவைத்தாள், சுவரில் காலைத் தூக்கிவைத்துப் படுத்தாள். ஐந்தாம் நாள் என்னால் முடியவில்லை. நான் என்ன கொலையா செய்தேன், உன் முதுகு அழுகட்டும் என்று பூஜ்ஜியம் போட்டுவிட்டு வரவா என்று கத்தினேன்.

"நீ எழுதினது தப்புங்கல," என்றாள். "எம் முதுகப் பத்தி எழுதற. என்னை ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்ப."

"சொல்லியிருப்பேன். அதுக்கு நீ ஒண்ணு சொல்லியிருப்ப, நான் ஒண்ணு சொல்லியிருப்பேன். அப்பிடித்தான பேசறது? அவங்க இங்கிலீசுல கேட்டாங்க. நீ அது கூடக் கேக்கல."

எனக்கு அவள் மேல்தான் முதலில் கோபம் வந்தது. கம்பெனியை ஒரு வார்த்தை சொல்லாமல் என்னைப் பிடிக்கிறாளே என்று. வெளியே போய் நின்றேன். கோபம் அங்கேயும் இருந்தது, ஆனால் யார் மேல் என்று சொல்ல முடியவில்லை.

அந்த வார ஞாயிறு ஒரு முழுத்தாள் எடுத்து, தொழிற்சாலை ஆய்வாளருக்கு ஒரு மனு எழுதினேன். தமிழில். பேக்கிங்கில் இத்தனை பேர், இத்தனை மணி நேரம் நிற்கிறோம், உட்கார வசதி வேண்டும் என்று. அதை எடுத்துக்கொண்டு போய் அம்மாவின் முன்னால் உட்கார்ந்தேன். கீழே பேர் போடச் சம்மதமா என்று கேட்டேன். போடாவிட்டாலும் பரவாயில்லை, போட்டால் கான்ட்ராக்டர் உன்னை வேறு கம்பெனிக்கு மாற்றிவிடலாம், அதையும் யோசித்துக்கொள் என்று சொன்னேன். அக்காவும் வந்து வாசற்படியில் நின்றிருந்தார்.

"மொதல்ல படிச்சுக் காட்டு," என்றாள் அம்மா.

படித்தேன். பாதியில் நிறுத்தி, மறுபடி அந்த இடத்தைப் படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"ஸ்டூலுன்னா எழுதியிருக்க?"

"ஆமாம்மா. ஸ்டூல்னா ஒத்துக்குவாங்கன்னு..."

"ஸ்டூல அடி," என்றாள். "சாய்மானம் வெச்ச நாற்காலின்னு எழுது."